இடுக்கில் குடியிருக்கும் கறுப்பு

எங்கள் தெருவில் காலை பத்து மணிக்கு மேல் ஒரு சைக்கிள் வரும். ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பாட்டில்கள் தொங்கும். "ஆசிட்... பினாயில்... பிளீச்சிங் பவுடர்..." என்று இழுத்துக் கூவுவார் அந்தப் பெரியவர். மஞ்சளாக இருப்பது ஆசிட். தூய ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு நிறமே கிடையாது. மலிவான சரக்கில் இரும்பு கலந்திருப்பதால் மஞ்சள்.

புரட்டாசியில் ஒரு நாள் அம்மா அதில் ஒரு பாட்டில் வாங்கினார். பாத்ரூம் சுவரின் கீழ் மூன்று வரிசை டைல்ஸ் இடுக்குகளில் கன்னங்கரேலென்று கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் ஆசிட்டை ஊற்றினார். சுர்ரென்று நுரைத்தது, கண் எரிந்தது, இருமல் வந்தது. கழுவிவிட்டுப் பார்த்தால் கோடுகள் வெள்ளை வெளேர். "பாத்தியா? நீ படிச்ச படிப்புக்கு ஒரு பாட்டில் ஆசிட் போதும்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. கார்த்திகை பிறப்பதற்குள் கோடுகள் திரும்பி வந்துவிட்டன, முன்னைவிட அகலமாக.

ஏன் திரும்பி வந்தன? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போனால் செர்னோபில் அணு உலை வரை, தஞ்சாவூர் நெல் வயல் வரை போக வேண்டியிருக்கிறது. போய்விட்டுத் திரும்ப பாத்ரூமுக்கே வருவோம்.

முதலில் ஆளை அடையாளம் காண்போம். "பாசி பிடிச்சிருக்கு" என்றுதான் வீட்டில் சொல்கிறோம். பாசி வேறு. அது ஒளியைக் கொண்டு தன் உணவைத் தானே தயாரித்துக்கொள்ளும் பச்சை உயிர். கிணற்றடியிலும் மொட்டைமாடித் தொட்டியின் வெளிச்சுவரிலும் வழுக்குவது அது. விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு வரும் குளியலறையில் பாசிக்குப் பிழைப்பு நடக்காது. இடுக்கில் இருப்பது பூஞ்சை. ஊறுகாய் ஜாடியில் பூசணம் பூத்துவிட்டது என்கிறோமே, அந்த வம்சம். கிளாடோஸ்போரியம், எக்ஸோஃபியாலா, ஆரியோபசிடியம் என்று இந்தக் கறுப்பர்களுக்கு ஆய்வகத்தில் வாயில் நுழையாத பெயர்கள் உண்டு. வாளியின் அடியிலும் குழாய் மூட்டிலும் இளஞ்சிவப்பாக வழவழவென்று படிகிறதே, அது இந்தக் கூட்டமில்லை. பெரும்பாலும் பாக்டீரியா, சில சமயம் சிவப்பு ஈஸ்ட். தேய்த்தால் போய்விடும், வேர் விடாது. அதை இதோடு விட்டுவிடலாம்.

பூஞ்சைக்குச் சமைக்கத் தெரியாது. நொதிகளை வெளியே கக்கி, சுற்றி இருப்பதைக் கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். டைல்ஸ் சுவரில் அதற்கு என்ன சாப்பாடு? நாம்தான். தோலிலிருந்து உதிரும் செதில், உடம்பின் எண்ணெய்ப் பிசுக்கு, ஷாம்பு நுரை; சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்றால் அதற்கு விருந்து. எல்லாவற்றுக்கும் மேல் சோப்பு. சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் உப்பு. போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் அந்தக் கொழுப்பு அமிலத்தைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் கரையாத வெண்படலமாகச் சுவரில் அப்பிக்கொள்கின்றன. உப்புத்தண்ணீர் வரும் வீடுகளில் டைல்ஸ் மங்கிப்போவதற்கும், இடுக்கு சீக்கிரம் கறுப்பதற்கும் இந்தப் படலம் ஒரு பொதுக் காரணம். குளியலறைக் கறுப்புப் பூஞ்சைகளில் சில சோப்பையும் சலவைப் பொருள்களையுமே உணவாக்கிக்கொள்ளும் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அழுக்கைப் போக்க நாம் தேய்ப்பதே அழுக்கின் ஆகாரமாகிறது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 18 நாடுகளில் 189 பாத்திரம் கழுவும் எந்திரங்களின் ரப்பர் வளையங்களைச் சுரண்டிப் பார்த்து, 2011இல் ஒரு ஆய்வை ஸ்லோவேனிய விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவற்றில் பூஞ்சை இருந்தது. அவற்றிலும் பாதிக்கு மேல் எக்ஸோஃபியாலா. சுடுநீர், காரமான சலவைத்தூள், உப்பு, இடையிடையே வறட்சி என்று எல்லாக் கொடுமைகளும் நடக்கும் இடம் அது. அங்கேயே தாக்குப்பிடிப்பவனுக்கு நம் பாத்ரூம் மாமியார் வீட்டு மாப்பிள்ளை உபசாரம்தான்.

அந்தத் தாங்கும் சக்தியில் பெரும்பங்கு அதன் நிறத்தில் இருக்கிறது. நம் தோலுக்கும் முடிக்கும் நிறம் தருவது மெலனின். இந்தப் பூஞ்சைகளின் செல் சுவரிலும் ஒரு வகை மெலனின் பூசப்பட்டிருக்கிறது. புற ஊதாக் கதிர், உப்பு, வெப்பம், ஆக்ஸிஜனேற்றி ரசாயனங்கள் எதுவானாலும் முதல் அடியை வாங்கிக்கொள்ளும் கவசம் அது.

கவசத்தின் வலிமையை நம் டெல்டா விவசாயி நன்றாகவே அறிவார், வேறு பெயரில். நெற்பயிரைத் தாக்கும் குலை நோய் ஒரு பூஞ்சையின் வேலை. இலையின் மேல் விழுந்த அதன் வித்து முளைத்து, ஒரு சின்னக் குமிழை உண்டாக்கும். குமிழின் சுவரை உள்ளுக்குள் மெலனின் பூசி இறுக்கிக்கொண்டு, உள்ளே நீர் அழுத்தத்தை ஏற்றும். 80 வளிமண்டல அழுத்தம் வரை ஏறும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப் போல முப்பது மடங்குக்கும் அதிகம். அந்த அழுத்தத்தில் ஓர் ஊசி முனை இலையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. குலை நோய்க்கு அடிக்கும் டிரைசைக்ளசோல் மருந்து பூஞ்சையை நேரடியாகக் கொல்வதில்லை. மெலனின் தயாரிப்பை மட்டும் நிறுத்துகிறது. கவசம் இல்லாத குமிழால் இலையைத் துளைக்க முடியாது, கதை முடிந்தது. குளியலறைக் கறுப்பர்களும் அதே ரசாயன வழியில்தான் மெலனினைத் தயாரிக்கிறார்கள். பாத்ரூமுக்கு அந்த மருந்தை அடிக்கலாமா என்று கேட்காதீர்கள். அது வயலுக்கான விஷம்.

செர்னோபில் கதை இன்னும் விசித்திரம். 1986இல் வெடித்த நான்காவது உலையின் சிதைந்த சுவர்களில், கதிர்வீச்சுக்கு நடுவே, கறுப்பாக ஏதோ படர்ந்திருப்பதை உக்ரைனியப் பூஞ்சையியலாளர் நெல்லி ஜ்தானோவாவின் குழு 1990களில் பதிவு செய்தது. அவர்கள் சேகரித்தவற்றில் கிளாடோஸ்போரியம் ஸ்ஃபேரோஸ்பெர்மம் ஒன்று. உலகெங்கும் ஈரச் சுவர்களில் கிடைக்கும் சாதாரணப் பூஞ்சை அது. 2007இல் நியூயார்க்கில் ஏகதெரினா டடசோவாவும் ஆர்துரோ கசதேவாலும் இதையும் எக்ஸோஃபியாலாவையும் கதிர்வீச்சில் வைத்துப் பார்த்தபோது, மெலனின் உள்ளவை வேகமாக வளர்ந்ததாக அறிவித்தார்கள். கதிர்வீச்சையே அவை உணவாக்கிக்கொள்கின்றனவா என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் தகராறு தீரவில்லை. கதிர்வீச்சு அவற்றைக் கொல்லவில்லை என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. அணு உலையில் குடித்தனம் செய்கிறவனை அம்மா ஒரு பாட்டில் ஆசிட்டால் விரட்டப் பார்த்தார்.

இங்கே ஒரு பயத்தைத் தெளிவித்துவிட வேண்டும். 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையின்போது 'கறுப்புப் பூஞ்சை' என்ற பெயர் ஊரெல்லாம் கிலியைப் பரப்பியது. பாத்ரூம் சுவரைப் பார்த்தே மிரண்டவர்கள் உண்டு. அந்த நோய் மியூக்கர்மைகோசிஸ். அதை உண்டாக்கும் பூஞ்சைகள் முற்றிலும் வேறு குடும்பம், அவை கறுப்பும் அல்ல. ரத்த ஓட்டம் நின்று செத்துப்போன திசு கறுத்துப்போவதால் வந்த பெயர் அது. டைல்ஸ் இடுக்குக் கறுப்பு பெரும்பாலான ஆரோக்கியமானவர்களை ஒன்றும் செய்யாது. ஆஸ்துமா, ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தொந்தரவு தரும். நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்கள் விலகி இருப்பது நல்லது. பீதிக்கு இடமில்லை, அலட்சியத்துக்கும் இடமில்லை.

இப்போது வீட்டைப் பார்ப்போம். அதாவது, பூஞ்சையின் வீட்டை.

டைல்ஸின் முகத்தில் பூஞ்சை வேர்விடுவதில்லை. பளபளப்பான அந்தப் பூச்சு ஒரு வகைக் கண்ணாடி. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். சிக்கலெல்லாம் இரண்டு டைல்ஸ்களுக்கு நடுவே, கொத்தனார் வெள்ளை சிமெண்டைக் குழைத்து அடைத்த அந்த இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடுக்கில்.

சிமெண்ட் காய்கிறது என்று சொல்வது பழக்கதோஷம். அது தண்ணீரோடு ரசாயன வினை புரிந்து கல்லாகிறது. 1824இல் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கிய காலத்திலிருந்து அடிப்படை மாறவில்லை. வினைக்கு வேண்டிய தண்ணீர் கொஞ்சம்தான். நம் கொத்தனார் என்ன செய்கிறார்? இடுக்கில் சுலபமாக இறங்கட்டும் என்று பழைய பெயின்ட் டப்பாவில் வெள்ளை சிமெண்டைக் கொட்டி, தோசை மாவு பதத்துக்குக் கரைக்கிறார். வினைக்குப் பயன்படாத உபரித் தண்ணீர் மெல்ல ஆவியாகி வெளியேறும். அது இருந்த இடமெல்லாம் துளையாக நிற்கும். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் இடுக்கு, உருப்பெருக்கியில் ஒரு கடற்பஞ்சு. பூஞ்சை இழையின் தடிமன் சில மைக்ரோமீட்டர்; ஒரு மயிரிழையின் பத்தில் ஒரு பங்குதான். பெரிய துளைகளுக்குள்ளும், சிமெண்ட் சுருங்கும்போது விழும் நுண்விரிசல்களுக்குள்ளும் அது தாராளமாக நுழையும்.

அப்படியானால் புது வீட்டு பாத்ரூம் முதல் நாளே ஏன் கறுப்பதில்லை? சிமெண்டின் வினையில் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, உண்டாகிறது. புதுச் சிமெண்டின் துளைகளில் நிற்கும் ஈரத்தின் பிஎச் 12.5க்கு மேல். கையில் பட்டால் தோல் உரியும் காரம் அது. பெரும்பாலான பூஞ்சைகளுக்குப் பிடித்தது லேசான புளிப்பு. ஆகவே அந்தக் கார வீட்டுக்குள் யாரும் காலடி வைப்பதில்லை. ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்பை மெல்ல மெல்ல கால்சியம் கார்பனேட்டாக, அதாவது வெறும் சுண்ணாம்புக் கல்லாக, மாற்றிக்கொண்டே இருக்கிறது. காரம் இறங்கி இறங்கி பிஎச் 9 பக்கம் வந்துவிட்டால், வாசற்கதவு திறந்துவிட்டது என்று பொருள். பூஞ்சையும் தன் பங்குக்குக் கரிம அமிலங்களைச் சுரந்து அக்கம்பக்கத்தைத் தனக்குத் தோதாக்கிக்கொள்ளும்.

பொங்கலுக்கு முன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்த தலைமுறைக்கு இது புரியும். புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் பிடிக்காது. வருஷம் ஓட ஓட அது கரியமில வாயுவைக் குடித்துச் சாதுவாகிவிடும். அடுத்த மார்கழிக் கடைசியில் மறுபடி அடிப்பார்கள், காரம் மறுபடி ஏறும். வெள்ளை அழகுக்காகச் செய்தது, கூடவே பூஞ்சைக்கு வருடாந்தர நோட்டீஸ்.

இப்போது அம்மாவின் ஆசிட்டுக்கு வருவோம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் கால்சியம் கார்பனேட்டைத் தொட்டால் கரியமில வாயு நுரைத்துக்கொண்டு வெளியேறும், கால்சியம் குளோரைடு தண்ணீரோடு போகும். அன்று சுர்ரென்று நுரைத்தது பூஞ்சை இல்லை, எங்கள் வீட்டுச் சிமெண்ட். மேல்தோல் ஒன்று கரைந்து போனதால் அதில் ஒட்டியிருந்த கறுப்பும் கூடப் போயிற்று. வெள்ளையாகத் தெரிந்தது புதிதாக உரிந்த உட்பக்கம். மிச்சமிருந்த கொஞ்ச நஞ்சக் காரமும் அமிலத்தோடு சேர்ந்து தீர்ந்தது. துளைகள் அகலமாயின, பரப்பு சொரசொரப்பாயிற்று, சோப்புப் படலம் தங்க வசதியாயிற்று. உள்ளே ஆழத்தில் தப்பிய இழைகளுக்கு இதைவிடப் பெரிய உபகாரத்தை யாரும் செய்திருக்க முடியாது. காசு கொடுத்துப் பூஞ்சையின் வீட்டுக்கு மராமத்து பார்த்திருக்கிறோம். கடப்பா கல்லோ மார்பிளோ பதித்த தரையாக இருந்தால் இழப்பு இன்னும் பெரிது. அவையும் அதே கால்சியம் கார்பனேட்தான்.

வினிகரும் எலுமிச்சையும் இதே வினையின் சாது வடிவங்கள். சில பூஞ்சைகளை வினிகர் கொல்லும், சிலவற்றை ஒன்றும் செய்யாது. சிமெண்டை மட்டும் தவறாமல் அரிக்கும். வினிகரோடு சமையல் சோடாவைக் கலந்து நுரை பொங்க ஊற்றும் வைத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை: ஒன்று அமிலம், மற்றது காரம். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டி, கடைசியில் கிடைப்பது சோடியம் அசிடேட் கலந்த தண்ணீரும் கரியமில வாயுவும். சண்டைச் சத்தத்தைப் பார்த்து வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

பிறகு எதுதான் வேலை செய்யும்? பிளீச் என்று கடையில் விற்கும் சோடியம் ஹைப்போகுளோரைட். 1774இல் ஸ்வீடனின் கார்ல் ஷீலே குளோரின் வாயுவைக் கண்டார். 1780களில் பிரான்சின் பெர்தொலே அது துணியை வெளுக்கும் என்று காட்டினார். 1799இல் கிளாஸ்கோவின் சார்லஸ் டென்னன்ட் அதைச் சுண்ணாம்பில் அடைத்துப் பிளீச்சிங் பவுடருக்குக் காப்புரிமை வாங்கினார். வாரக்கணக்கில் வெயிலில் காயப்போட்டு வெளுத்த துணி சில மணி நேரத்தில் வெளுத்தது. அந்த வெளுப்பு வித்தைதான் இங்கேயும். மெலனின் கறுப்பாக இருப்பதற்குக் காரணம் அதன் மூலக்கூறில் ஒன்றுவிட்டு ஒன்றாகத் தொடரும் இரட்டைப் பிணைப்புகள். ஹைப்போகுளோரைட் அந்தச் சங்கிலியை அங்கங்கே அறுக்கிறது. சங்கிலி அறுந்தால் நிறம் போயிற்று.

நிறம் போனால் பூஞ்சை செத்ததா? இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். மேலே நின்ற இழைகள் செத்திருக்கும். ஆனால் ஹைப்போகுளோரைட் பொறுமையில்லாத ரசாயனம். எதிர்ப்படும் எந்தக் கரிமப் பொருளோடும் உடனே மோதித் தீர்ந்துபோகும். வாசலில் சோப்புப் படலம் நின்றால் அதோடு சண்டை போட்டே அதன் பலம் போய்விடும். துளைக்குள் கடைசியில் இறங்குவது வெறும் உப்புத் தண்ணீர். உள்ளே இருக்கும் இழைக்கு அது தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்த மாதிரி. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: பூஞ்சை செத்த பிறகும் மெலனின் சிமெண்டில் கறையாக நிற்கும். கறுப்பு இருப்பதாலேயே உயிர் இருக்கிறது என்றோ, வெள்ளையாகிவிட்டதாலேயே ஒழிந்தது என்றோ சொல்ல முடியாது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் சாதாரண டிடர்ஜென்ட் கரைசலும் நைலான் பிரஷும். கம்பி பிரஷ் வேண்டாம், அதுவும் ஆசிட் செய்த வேலையையே செய்யும். படலம் போகத் தேய்த்து, கழுவி, ஈரத்தை வழித்துவிட்டு, சுவரைக் கொஞ்சம் உலரவிட வேண்டும். உலர்ந்த துளைதான் அடுத்து வருவதை உறிஞ்சும். பிறகு பிளீச். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் போதும். பிடிவாதக் கறைக்குப் பாட்டிலில் அச்சிட்டிருக்கும் அளவு. சுவரில் தெளித்தால் வழிந்து ஓடிவிடும். டிஷ்யூ பேப்பரைத் திரியாக முறுக்கி, பிளீச்சில் நனைத்து, இடுக்கின் மேல் நீளவாக்கில் ஒட்டி, கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். ஜப்பானிய வீடுகளில் பழகிப்போன உத்தி இது, என் அனுபவத்தில் தெளிப்பானைவிடப் பல மடங்கு மேல். பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். குழாயின் எவர்சில்வரில் பிளீச் தங்கினால் புள்ளி புள்ளியாக அரிக்கும். கையுறையும் திறந்த ஜன்னலும் கட்டாயம்.

வாங்கும்போது தேதியைப் பாருங்கள். பிளீச் வெயிலிலும் வெக்கையிலும் தானாகவே சிதையும். சித்திரை முழுக்கக் கடை வாசலில் நின்ற பாட்டில் பாதித் தண்ணீராகியிருந்தாலும் ஆச்சரியமில்லை. பிளீச்சிங் பவுடரிலும் இதே சங்கதி. புதிதாக இருக்கையில் அதன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வேலைக்குரிய குளோரின். திறந்து வைத்த பொட்டலத்தில் மிஞ்சுவது சுண்ணாம்பும் வாசனையும். குளோரின் நெடியே பிடிக்காதவர்களுக்கு சோடியம் பெர்கார்பனேட் இருக்கிறது, 'ஆக்ஸிஜன் பிளீச்' என்ற பெயரில். வெந்நீரில் கரைத்தால் சலவை சோடாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஆகும். பசையாகக் குழைத்து இடுக்கில் பூசி ஒரு மணி நேரம் விடலாம். மெதுவாக வேலை செய்யும், ஆனால் மூச்சை அடைக்காது.

மூச்சை அடைப்பது பற்றி அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று. டாய்லெட் கழுவும் திரவங்களில் பலவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். அது பிளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் ஜெர்மானியப் படை சிலிண்டர்களைத் திறந்து விட்டதும் இதே வாயுதான். ஐந்துக்கு ஏழு அடி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, குனிந்து தேய்த்துக்கொண்டிருப்பவருக்குத் தப்பிக்க நேரம் கிடைக்காமல் போகலாம். ஜப்பானில் 1980களின் பிற்பகுதியில் இப்படிச் சில உயிர்கள் போன பிறகு, 'கலக்காதே, ஆபத்து' என்ற எச்சரிக்கையைப் பாட்டிலின் முன்பக்கத்திலேயே பெரிய எழுத்தில் அச்சிட ஆரம்பித்தார்கள். நம் சைக்கிள் பாட்டில்களில் லேபிளே கிடையாது. ஆசிட்டும் பிளீச்சும் ஒரே நாளில் பாத்ரூமுக்குள் நுழையக் கூடாது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் இரண்டு பாட்டிலையும் கொடுத்து "நல்லா போட்டுத் தேய்ங்க" என்று சொல்லிவிட்டுப் போவது கொடுமை.

இவ்வளவும் செய்து இடுக்கு வெளுத்துவிட்டது. மூன்று மாதத்தில் திரும்பி வராமலிருக்க என்ன வழி? வித்துகளைத் தடுக்க முடியாது. ஜன்னல் வழியே வரும் காற்றில் எப்போதும் இருக்கின்றன. சாப்பாட்டை நிறுத்த முடியாது. குளிக்காமல் இருக்க முடியுமா? நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். ஐந்துக்கு ஏழு அடி, எட்டடி உயரம்: சுமார் 8 கன மீட்டர் காற்று. குளித்து முடித்ததும் சுவரிலும் தரையிலும் அரை லிட்டர் தண்ணீர் ஒட்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத்தான் சுமக்கும். சென்னைக் காற்று வரும்போதே 75 சதவீத ஈரப்பதத்தோடு, முக்கால் வயிறு நிரம்பித்தான் வருகிறது. அறைக் காற்று முழுவதும் சேர்ந்தாலும் கூடுதலாக 60 கிராமுக்கு மேல் ஏற்றிக்கொள்ள முடியாது. அரை லிட்டரை வெளியேற்ற, அறைக் காற்று முழுவதும் எட்டு முறைக்கு மேல் மாறியாக வேண்டும். ஐப்பசி அடைமழையில், ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொட்டால், இருபது முறை. மணிக்கு 250 கன மீட்டர் தள்ளும் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அறைக் காற்றை மாற்றும். காகிதக் கணக்கில் பதினாறு நிமிடம். நிஜத்தில் காற்று முழுதாக நிரம்பி வெளியேறுவதில்லை, மூலை முடுக்குக் காற்று அசைவதே இல்லை. முக்கால் மணி நேரமாவது ஓட வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? வெளியே வரும்போதே லைட்டோடு சேர்த்து ஃபேனையும் அணைக்கிறோம். கதவை இறுகச் சாத்தி, அடியில் காற்று நுழைய இடைவெளியும் இல்லாமல் செய்துவிட்டால், உள்ளே வரக் காற்று இல்லாமல் ஃபேன் வெறுமனே சுற்றும்.

நான்கு பேர் உள்ள வீட்டில் ஒருவர் ஆறு மணிக்கு, ஒருவர் ஏழரைக்கு, ஒருவர் ஒன்பதுக்கு, ராத்திரி ஒருவர் என்று குளித்தால் சுவர் உலரும் நேரமே வராது. கிணற்றடியில் குளித்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லாமல் போனது கட்டடக் கலையால் அல்ல, வெயிலால். வாளியும் மக்கும் வைத்துக் குளிக்கும் வீடுகளில் தண்ணீர் தெறிப்பது கீழ்ச் சுவரில். ஆகவே கறுப்பும் கீழ் மூன்று வரிசையில். ஷவர் வீடுகளில் தோள் உயரம் வரை ஏறியிருக்கும். உங்கள் பாத்ரூமில் எது எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கிறது என்பதன் வரைபடமே அந்தக் கோடுகள். தரையின் ஒரு மூலை மட்டும் எப்போதும் கறுக்கிறதா? ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். கொத்தனார் வாட்டம் சரியாக வைக்காத இடம் அதுவாகத்தான் இருக்கும்.

கிளாடோஸ்போரியத்துக்கு இன்னொரு சாமர்த்தியம் உண்டு. வேறு பல பூஞ்சைகளின் இழை ஒருமுறை காய்ந்தால் செத்துவிடும். இதன் இழை கருவாடாகக் கிடந்து, அடுத்த குளியலில் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆகவே வாரத்துக்கு ஒரு நாள் நன்றாக உலர்த்துவதில் பயனில்லை. ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் ஈர நேரத்தைக் குறைத்தால்தான் அது வளர முடியாமல் திணறும். இதற்கு உலகின் மிகச் சிறந்த கருவி, ரப்பர் விளிம்பு வைத்த சாதாரண வைப்பர். கடைசியாகக் குளிப்பவர் சுவரை மேலிருந்து கீழாக வழித்துவிட ஒரு நிமிடம் ஆகும். அந்த அரை லிட்டரில் பெரும்பகுதி ஆவியாக வேண்டிய அவசியமே இல்லாமல் சாக்கடைக்குப் போய்விடும். ஃபேன் எட்டு முறை மாற்ற வேண்டிய காற்றை இரண்டு மூன்று முறை மாற்றினால் போதும்.

சில இடங்களைக் காப்பாற்ற முடியாது. வாஷ்பேசின் ஓரத்தில் அடைத்த சிலிக்கோன் பட்டைக்குள் கறுப்புப் புள்ளிகள் இறங்கிவிட்டால் எந்தத் திரவமும் அங்கே எட்டாது. பிளேடால் அறுத்தெடுத்துவிட்டுப் புதிதாக அடைப்பதுதான் வழி. இடுக்கும் அப்படித்தான். பொடிந்து, குழிந்து, சுரண்டினால் மாவாக உதிர்ந்தால் பிளீச்சை வீணாக்க வேண்டாம். கறுப்பின் மேலேயே வெள்ளை சிமெண்டைப் பூசும் குறுக்குவழி ஒரு மழைக்காலம் தாங்காது, செதிலாக உரியும். பழையதை இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டியெடுத்துவிட்டுத்தான் புதிது அடைக்க வேண்டும். அடைப்பதை எபாக்ஸியாக அடைத்தால் நல்லது. இரண்டு பாகங்களைக் கலந்து இறுகும் பிசின் அது. துளை இல்லை, ஈரம் குடிக்காது. மேலே அழுக்கு படிந்தால் பூஞ்சை அங்கேயும் வரும், ஆனால் துடைத்தால் போகும். விலை அதிகம், சீக்கிரம் இறுகிவிடுவதால் பழக்கமில்லாத கொத்தனார்கள் முணுமுணுப்பார்கள். அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் மேல் வரிசைகள் இப்போது இரண்டு மழைக்காலத்தைத் தாண்டி வெள்ளையாகவே இருக்கின்றன. வைப்பர் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அம்மாவே முணுமுணுத்துக்கொண்டு வழித்துவிடுகிறார். அன்று ஆசிட் பட்ட கீழ் மூன்று வரிசைகள் மட்டும் எதற்கும் மசியவில்லை. தை பிறந்ததும் அவற்றைச் சுரண்டி எபாக்ஸி அடைக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.